வீட்டு முற்றத்து மழைமானி

நம் நாட்டு வானிலை நிலையங்களில் நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு ஒரு சிறு காரியம் நடைபெறுகிறது. ஒருவர் மழைமானியின் அருகே சென்று, அதன் புனலைக் கழற்றி, உள்ளே சேர்ந்திருக்கும் நீரை அளவுக்குவளையில் ஊற்றி, கண்ணின் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்கிறார். நீர் இல்லையானால், இல்லை என்பதையும் குறித்துக்கொள்கிறார். இரண்டு மூன்று நிமிஷ வேலைதான். 'இன்று காலை எட்டரை மணியுடன் முடிவுற்ற இருபத்துநான்கு மணி நேரத்தில்' என்று வானொலிச் செய்தியில் நேயர்கள் கேட்கும் சொற்றொடருக்கு இந்த இரண்டு மூன்று நிமிஷ வேலையே ஆதாரம்.

ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர்களுக்கு இந்தச் செய்தியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து வரும் கடிதத்திலோ தொலைபேசிப் பேச்சிலோ, குடும்ப நலம் விசாரித்தபின் வரும் அடுத்த விசாரணை மழையைப் பற்றியதுதானே! 'நல்ல மழை' என்று ஒருவர் சொல்லுவார். 'தூறிவிட்டுப் போயிற்று' என்று மற்றொருவர் சொல்லுவார். உழவர் மட்டும் 'ஓர் உழவு மழை' என்று சொல்லுவார். மூன்றினுள் இதுவே அளவுக்கு மிக அருகில் வருவது. ஏர் பூட்டி உழுமளவுக்கு மண் நனைந்தது என்பது அதன் பொருள். நிலத்தையே கருவியாகக் கொண்ட கணக்கு அது.

மழையை அளக்கும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அர்த்தசாஸ்திரம், அரசின் பண்டகசாலைக்கு முன்னே ஒரு முழம் வாயகலமுள்ள பாத்திரத்தை மழை அளப்பதற்காக வைக்க வேண்டுமென்று விதிக்கிறது. வறண்ட நாட்டுக்குப் பதினாறு துரோணம், நீர்வளமுள்ள நாட்டுக்கு இருபத்துநான்கு, அவந்திக்கு இருபத்துமூன்று என்று கணக்கும் கூறுகிறது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராஹமிஹிரரும் மழை அளக்கும் பாத்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சித்திரை முதல் நாளில் பஞ்சாங்கம் படிக்கும்போது, இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் இத்தனை பாகம், மலையில் இத்தனை பாகம், நிலத்தில் இத்தனை பாகம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. மார்கழியில் கர்ப்போட்டம் பார்த்து அடுத்த ஆண்டின் மழையைக் கணிக்கும் வழக்கத்தையும் கிராமத்துப் பெரியவர்கள் அறிவார்கள்.

ஆயினும் ஒரு குறை உண்டு. அளக்கும் விதி நூல்களில் இருக்கிறது; இன்ன ஊரில் இன்ன நாளில் இவ்வளவு பெய்தது என்று நாள்தோறும் எழுதிய அக்காலத்து ஏடு ஒன்றும் நம் கைக்கு வந்து சேரவில்லை. நம் நாட்டில் அத்தகைய ஏடுகள் கிடைக்கத் தொடங்குவது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அவற்றைத் தொடங்கியது அரசாங்கம் அன்று. தாம் குடியிருந்த இடத்தில் ஒரு வெப்பமானியையும் ஒரு பாரமானியையும் மாட்டி வைத்துக்கொண்டு, எவரும் பணிக்காமலே தினந்தோறும் பார்த்து எழுதிய சில தனி மனிதர்கள்.

அவர்களில் முதன்மையாகச் சொல்லத் தக்கவர் வில்லியம் ராக்ஸ்பர்க். ஸ்காட்லாந்து தேசத்தவர், எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர். 1776-ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதை ஒட்டிய இளைஞராக, சென்னப்பட்டணத்துக் கோட்டை ஆஸ்பத்திரியில் உதவி சர்ஜனாக வந்து சேர்ந்தார். வந்தவுடனேயே பாரமானியின் ஏற்றத்தாழ்வையும், வெயிலின் சூட்டையும், காற்றின் திசையையும், மழையையும் நாள்தோறும் குறிக்கலானார். ஒரு வைத்தியருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கலாம். காய்ச்சல் முதலிய நோய்கள் காற்றின் கெடுதியாலும் பருவ மாறுதலாலும் வருகின்றன என்பது அக்கால வைத்தியர்களின் உறுதியான நம்பிக்கை. ஆகவே நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல் ஊரின் நாடியையும் பார்த்து வைத்தார்கள். நம்பிக்கை பெரும்பாலும் பிழையானதாக முடிந்தது. அதனால் விளைந்த குறிப்பேடுகளோ பிழைத்துக்கொண்டன. ராக்ஸ்பர்க் எழுதிய சென்னை நாட்குறிப்பு லண்டனிலுள்ள ராயல் சங்கத்தின் வெளியீட்டில் 1778-இல் அச்சாயிற்று.

1781-இல் அவர் சாமல்கோட்டைக்கு மாற்றப்பட்டார். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் காக்கிநாடாவுக்கு அருகே சாமர்லகோட்டா என்று வழங்கும் ஊர் அதுதான். சென்னையிலிருந்து ஹௌரா செல்லும் ரயிலில் போய் வந்த நேயர்கள் பலர் அந்த நிலையத்தைக் கடந்திருப்பார்கள். அங்கே கம்பெனியின் படை தங்கியிருந்தது. ராக்ஸ்பர்க் வைத்தியத்தோடு தோட்டமும் போட்டார். மிளகு, அவுரி, பட்டுப்பூச்சிக்கான முசுக்கொட்டை என்று பலவற்றைப் பயிரிட்டுப் பார்த்தார். கோதாவரி டெல்டாவை அடுத்த அக்கடற்கரை புயலுக்குப் பேர் போனது. ஒரு பெருவெள்ளத்தில் அவர் சேர்த்து வைத்திருந்த செடிகொடிகளின் சேகரமும் நூல்களும் அழிந்துபோயின. அதற்குப் பிறகும் அவர் மழையை அளப்பதை விடவில்லை.

அளப்பதை விடாததன் பயன் 1789-ஆம் ஆண்டு முதல் தெரியலாயிற்று. அவ்வாண்டில் பருவமழை குன்றியது. அடுத்த ஆண்டும் குன்றியது. மூன்றாம் ஆண்டும் அப்படியே. அக்கம்பக்கத்து மக்களெல்லாம் வானத்தைப் பார்த்து ஏங்கிய அதே நாட்களில், ராக்ஸ்பர்க் தம் கருவியைப் பார்த்து எண்களை எழுதிக்கொண்டிருந்தார். வட சர்க்கார் ஜில்லாக்களில் தொடங்கிய வறட்சி தக்காணத்திலும் குஜராத்திலும் மார்வாரிலும் பரவியது. 1791-92-இல் அது உச்சத்தை அடைந்தபோது, இறந்தவர்களை எரிக்கவும் புதைக்கவும் ஆள் இல்லாமல் எலும்புகள் வெளியிலேயே கிடந்தனவாம். ஆகவே அதனை மண்டையோட்டுப் பஞ்சம் என்றே மக்கள் வழங்கினர். இறந்தோர் தொகை இவ்வளவு என்று துணிந்து சொல்லுவதற்கில்லை. பல லட்சங்களுக்குக் குறையாது.

ராக்ஸ்பர்க் எண்களோடு நின்றுவிடவில்லை. இத்தகைய வறட்சி முன்பும் வந்ததுண்டா என்று விசாரித்தார். அருகேயுள்ள பிட்டாபுரத்துச் சமஸ்தானக் குடும்பத்தாரிடம், சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த நீண்ட வறட்சி ஒன்றைப் பற்றிய செய்தி இருந்தது. அதனையும் கேட்டறிந்து எழுதினார். நெல் ஒன்றையே நம்பியிருத்தல் தகாது. தென்னை, பனை, ஈச்சமரம், வாழை, பலா போன்றவற்றை வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் வளர்த்தால் மழை பொய்த்த ஆண்டிலும் ஏழைக்கு ஒரு பிடி உணவு கிட்டும் என்று கம்பெனியாருக்கு யோசனை கூறினார். பனையின் பயனை நம் தென்பாண்டிச் சீமையாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் கணக்கு எழுதிய கை அந்த யோசனையையும் எழுதியது என்பது கவனிக்கத் தக்கது. 1793-இல் அவர் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவராகச் சென்றார். கங்கைக் கரையில் சிவ்பூரில் உள்ள அத்தோட்டத்தின் பெரிய ஆலமரத்தை ஹௌராவில் வாழும் நம்மவர் அறிவார்கள். இந்தியத் தாவர நூலின் தந்தை என்ற பெயர் ராக்ஸ்பர்க்குக்குப் பின்னால் வந்தது. மழைக்கணக்கு எழுதியவர் என்பதை உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த எண்கள் பேசின. பசிபிக் மாக்கடலின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வழக்கத்தினும் மிகுதியாகச் சூடேறும் ஆண்டுகள் சில உண்டு. அந்நிகழ்ச்சியை எல் நினோ என்கிறார்கள். அத்தகைய ஆண்டுகள் பலவற்றில் நம் தென்மேற்குப் பருவமழை குன்றுகிறது. 1789 முதல் 1793 வரை நிகழ்ந்தது மிகக் கடுமையான ஓர் எல் நினோ என்று, ரிச்சர்டு குரோவ் என்னும் சரித்திர ஆசிரியர் 1998-இல் எடுத்துக்காட்டினார். அதற்கு அவர் கொண்ட முக்கியமான சான்றுகளுள் ஒன்று சாமல்கோட்டை மழைக்கணக்கு.

இதற்கு இணையான மற்றோர் ஏடும் உண்டு. 1788-இல் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவில் முதற்குடியேற்றம் அமைத்தபோது, வில்லியம் டாஸ் என்ற இளம் கடற்படை வீரர் அவர்களுடன் சென்றார். சிட்னித் துறையின் ஒரு முனையில் சிறு குடில் கட்டி, அதிலேயே குடியிருந்து, 1788 செப்டம்பர் முதல் 1791 டிசம்பர் வரை, நாளுக்குப் பல முறை வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் மழையையும் எழுதினார். அந்த ஏடு எங்கே போயிற்று என்று எவரும் அறியாதிருந்து, 1977-இல் லண்டன் ராயல் சங்கத்தின் நூல்நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டது. சாமல்கோட்டையில் வயல்கள் வெடித்த அதே ஆண்டுகளில் சிட்னியிலும் ஓடைகள் வற்றின. ஒருவரையொருவர் கண்டிராத இருவர், ஒரே மாக்கடல் செய்த வேலையை இரண்டு கண்டங்களிலிருந்து குறித்து வைத்தார்கள். தாம் குறிப்பது இன்னதென்று இருவருக்குமே தெரியாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வறட்சியின் கணக்கு என்பது பெரும்பாலும் சுன்னங்களின் கணக்கு. பெருமழை பெய்த நாளில் அளந்து எழுத யாருக்கும் உற்சாகம் பிறக்கும். வாரக்கணக்கில் ஒரு துளியும் விழாதபோது, காலையில் எழுந்து, காய்ந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்து, சுன்னம் என்று எழுதுவதற்குத்தான் பொறுமை வேண்டும். எழுதாமல் விட்ட கட்டத்துக்கும் சுன்னம் எழுதிய கட்டத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. முன்னது 'பார்க்கவில்லை' என்கிறது; பின்னது 'பார்த்தேன், மழை இல்லை' என்கிறது. பிற்காலத்து ஆராய்ச்சியாளருக்கு முன்னதால் ஒரு பயனும் இல்லை.

கல்கத்தாவிலும் அக்காலத்தில் இத்தகைய ஏடுகள் இருந்தன. ஹென்றி டிரெயில் என்பவர் 1784, 1785 ஆகிய ஆண்டுகளில் வானிலை நாட்குறிப்பு எழுதினார். பீரங்கிப் படையின் கர்னல் பியர்ஸ் 1785 மார்ச்சு முதல் ஓராண்டு முழுவதும் எழுதியது, ஆசியச் சங்கத்தின் முதல் ஆராய்ச்சித் தொகுதியில் வெளிவந்தது. இந்தப் பியர்ஸ்தான் 1780-இல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்கும் பிலிப் பிரான்ஸிஸுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஹேஸ்டிங்ஸின் பக்கத்துணையாக நின்றவர். சரித்திரப் புத்தகங்கள் அந்த ஒரு காலை நேரத்தை நினைவில் வைத்திருக்கின்றன. அவர் பாரமானி பார்த்த ஓராண்டுக் காலைகளை யாரும் பேசுவதில்லை.

நம் சென்னையின் வானாராய்ச்சி நிலையமும் ஒரு வீட்டில்தான் பிறந்தது. கம்பெனி உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் எழும்பூரில் தம் இருப்பிடத்தில் சொந்தச் செலவில் வானோக்கு நிலையம் ஒன்றை அமைத்துக்கொண்டார். பின்னர் தம் கருவிகளைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். கரை தெரியாமல் கப்பல்கள் உடையும் சோழமண்டலக் கடற்கரையில், திட்டமான வரைபடமும் நேரக்கணக்கும் கம்பெனிக்குத் தேவையாயிருந்தன. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் தனிக்கட்டடம் எழுந்தது. அதன் நடுவே கருவியைத் தாங்க நிறுத்திய பெருங்கருங்கல் தூண் இன்றும் அங்கேயுள்ள மண்டல வானிலை மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. அதில் பொறித்த மொழிகளுள் தமிழும் ஒன்று. 1796 முதல் அங்கு ஒழுங்காக வானிலைக் குறிப்பு எடுக்கப்பட்டது. 1813 முதல் சென்னையின் மழைக்கணக்கு தொடர்ந்து கிடைக்கிறது. இத்தனை நீண்ட மழைக்கணக்கு உலகிலேயே மிகச் சில நகரங்களுக்குத்தான் உண்டு.

இந்த நிலையத்தில் இரவும் பகலும் கருவிகளைப் பார்த்து எண்களை எழுதியவர்களில் நம் நாட்டவர் பலர். தலைவர்களின் பெயர்கள் அறிக்கைகளின் முகப்பில் அச்சாயின. உதவியாளர்களில் வெளியே தெரிந்த பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியாருடையது. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டுபிடித்ததால் அவர் பெயர் நிலைத்தது. விண்மீன் எதையும் கண்டுபிடிக்காமல், வெப்பமானியை மட்டும் சரியாகப் பார்த்து எழுதிய மற்றவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை; அவர்கள் எழுதிய எண்கள் மட்டும் இருக்கின்றன.

தனி மனிதர்களின் முயற்சிக்கு ஓர் எல்லையும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவராக இருந்த ஹென்றி பிடிங்டன், புயலில் சிக்கித் தப்பிய மாலுமிகளின் நாட்குறிப்புகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார். புயற்காற்று வட்டமாகச் சுழலுகிறது என்பதைத் துலக்கி, 1848-இல் அதற்குச் 'சைக்ளோன்' என்று பெயரும் வைத்தார். சுந்தரவனத்தில் மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அங்கே புயலலை ஊருக்குள் பாயும் என்று 1853-இல் கவர்னர் ஜெனரலுக்கு எச்சரித்து எழுதினார். எச்சரிக்கையைக் கேட்பார் இல்லை, துறைமுகம் கட்டப்பட்டது. பிடிங்டன் 1858-இல் காலமானார். 1867 நவம்பரில் வந்த புயல் அந்தக் கானிங் துறைமுகத்தைப் பாழாக்கியது. அவருடைய முடிவு சரியானது. அதனைத் தந்தியில் அனுப்பவும், ஏற்று நடத்தவும் ஓர் அமைப்பு அன்று இல்லை.

1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866-இல் ஒரிஸ்ஸாவில் கொடும்பஞ்சம் நேர்ந்தது. அதன் பின்னரே அரசாங்கம் விழித்துக்கொண்டது. அக்காலத்தில் ஒரு மாகாணத்தார் ஒரு வேளையிலும் மற்றொரு மாகாணத்தார் வேறொரு வேளையிலும் அளந்தார்கள். கருவிகளும் ஒரே தரத்தன அல்ல. அப்படி எழுதிய கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. 1875-இல் இந்திய வானிலைத் துறை அமைந்து, ஹென்றி பிளான்போர்டு அதன் பொறுப்பை ஏற்றதும், நாடு முழுவதற்கும் ஒரே முறை, ஒரே வகைக் கருவி என்ற ஒழுங்கு பிறந்தது. 1878 முதல் தினசரி வானிலை அறிக்கை வெளிவரத் தொடங்கியது. தாலுகாக் கச்சேரிகளில் மழைமானிகள் இடம் பெற்றன. வீட்டில் வைத்து அளந்தவர் காலம் முடிந்துவிட்டது போலத் தோன்றியது.

ஆனால் அந்தத் தாலுகாக் கச்சேரி மழைமானியின் பெயரைப் பாருங்கள். அது சைமன்ஸ் மழைமானி. ஜார்ஜ் சைமன்ஸ் என்பவர் லண்டனில் தம் வீட்டுத் தோட்டத்தில் மழை அளந்தவர். தம்மைப் போலவே வீட்டில் அளப்பவர்களுக்குக் கடிதம் எழுதி, 1860-ஆம் ஆண்டுக்கு 168 இடங்களின் கணக்கைச் சேகரித்தார். 1900-இல் அவர் மறைந்தபோது அவருக்குக் கணக்கு அனுப்பியவர்கள் 3,000-க்கும் மேற்பட்டோர். பாதிரிமார், பள்ளி ஆசிரியர், பண்ணைக்காரர், பிரபுக்கள் எனப் பல தரத்தார் அவர்களில் இருந்தனர். வெப்பமானியை வெயில் படாமல் வைக்கும், சாய்வுப் பலகைகள் கொண்ட அந்த வெண்ணிறப் பெட்டியும் ஸ்டீவன்ஸன் என்ற கலங்கரை விளக்க எஞ்சினீயரின் படைப்பு. 'புதையல் தீவு' எழுதிய நாவலாசிரியரின் தந்தை அவர். பெட்டியை அறியாதவர்களுக்கும் மகனைத் தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் கருவிகளை நாமே செய்துகொள்ளும் நிலை வந்ததற்குப் பெருங்காரணமாய் இருந்தவர் அன்னா மாணி. 1918-இல் திருவாங்கூரைச் சேர்ந்த பீருமேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1948-இல் வானிலைத் துறையின் பூனா கருவிப் பிரிவில் சேர்ந்தார். ஏறக்குறைய நூறு வகைக் கருவிகளுக்குத் திட்டமான வரைபடங்களைத் தயாரித்து, இந்தியாவிலேயே உற்பத்தி செய்ய வழிசெய்தார். தவறாக அளப்பதைவிட அளக்காமலிருப்பது மேல் என்பது அவர் கொள்கை. 2001-இல் அவர் மறைந்தார். இன்று ஒரு மழைமானியை வாங்கி வீட்டில் வைப்பவர், அவர் வகுத்த ஒழுங்கின் பயனையே அடைகிறார்.

இத்தனை நிலையங்கள் இருக்க, வீட்டுக்கு ஒரு மழைமானி எதற்கு? இதற்கு மும்பை நேயர்கள் மறக்க முடியாத ஒரு நாளே விடை. 2005 ஜூலை 26-ஆம் நாளின் மழையாக சாந்தாக்ரூஸ் நிலையத்தில் பதிவானது 944 மில்லிமீட்டர். சென்னைக்கு ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அது. அதே நாளுக்குக் கொலாபா நிலையம் பதிவு செய்தது 74 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே நகரம், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய தொலைவு. கொலாபாவின் கணக்கு பொய்யன்று. அது கொலாபாவின் கணக்கு. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் என்ன நடந்தது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லா. அதன் பின்னரே மாநகராட்சி நகரின் பல பகுதிகளில் தானியங்கி நிலையங்களை நிறுவியது. 2015 டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கிய பெருமழையில் தாம்பரம் 49 சென்டிமீட்டரும் நுங்கம்பாக்கம் 29 சென்டிமீட்டரும் காட்டின. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் மாடிவரை நீர் ஏறியபோது, நுங்கம்பாக்கத்து எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதனை எவரும் ஊகித்திருக்க முடியாது.

மலைநாட்டில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. ஒரு சரிவில் கொட்டும். அடுத்த சரிவில் தூறும். வயநாட்டில் கல்பற்றாவிலுள்ள ஹியூம் சூழலியல் மையம், தோட்டங்களிலும் வீடுகளிலும் மழைமானி வைத்து அளப்பவர்களிடமிருந்து, சுமார் 200 இடங்களின் கணக்கை நாள்தோறும் சேகரித்து வந்தது. 2024 ஜூலை இறுதியில் முண்டக்கை மலைப்பகுதியை அடுத்த ஒரு மழைமானி இரண்டு நாளில் 570 மில்லிமீட்டருக்கு மேல் காட்டியது. மண் தாங்காது என்று கருதி, நிலச்சரிவு நேர்வதற்குப் பல மணி நேரம் முன்பே மாவட்ட நிருவாகத்துக்குத் தெரிவித்ததாக அம்மையத்தார் பின்னர் கூறினர். ஜூலை 30-ஆம் நாள் விடியுமுன் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிடிங்டனுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்ததா என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. சரியான எண் சரியான நேரத்தில் ஒரு சாதாரண மழைமானியிலிருந்து கிடைத்தது என்பது மட்டும் உறுதி. கேரளத்திலேயே மீனச்சில் ஆற்றுப்படுகையில் பள்ளி மாணவர்களும் இல்லத்தாரும் மழையையும் ஆற்றின் மட்டத்தையும் அளந்து, கீழே இருப்பவர்களுக்கு உடனுக்குடன் சொல்லி வருகிறார்கள்.

வீட்டில் தொடங்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். தானே அளந்து தானே எழுதும் மின்னணுக் கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. வசதி உள்ளவர்கள் வாங்கலாம். இல்லாதவர்கள், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, பக்கம் நேராக நிற்கும் எந்தப் பாத்திரத்தையும் திறந்த வெளியில் வைக்கலாம். அதில் நிற்கும் நீரின் ஆழமே மழையின் அளவு. பாத்திரம் பெரிதானாலும் சிறிதானாலும் ஆழம் ஒன்றுதான். புனலும் போத்தலுமாக அமைத்தால், புனலின் வாய்ப்பரப்பு நூறு சதுர சென்டிமீட்டராக இருக்கும்போது, பத்து மில்லிலிட்டர் நீர் ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஒரு மில்லிமீட்டர் என்றால் அற்பம் என்று எண்ண வேண்டாம்: நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் அது நூறு லிட்டர் தண்ணீர். குழாயடியில் குடத்தோடு காத்திருந்தவர்களுக்கு நூறு லிட்டர் என்பது எவ்வளவு என்று தெரியும்.

இடத்தைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். மரமோ சுவரோ பக்கத்தில் இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி வைப்பது முறை. மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். லண்டனில் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1766-67-இல் மூன்று மழைமானிகளை வைத்தார்: ஒன்று தோட்டத்தில், ஒன்று வீட்டுக் கூரைமேல், ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியில். ஓராண்டில் தோட்டத்தில் 22 அங்குலத்துக்கு மேலும், கூரையில் 18-க்கு மேலும், தேவாலயத்தின் உச்சியில் 12-ஐச் சற்றே தாண்டியும் நீர் சேர்ந்தது. உயரே போகப் போக மழை குறைகிறதோ என்று அறிஞர்கள் நூறாண்டுக் காலம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். உண்மையில் குறைந்தது மழையன்று; உயரத்தில் வீசும் வலுத்த காற்று துளிகளைப் பாத்திரத்துக்குள் விழவிடாமல் அடித்துச் சென்றது. ஆகவே மொட்டைமாடியில் வைப்பவர்கள் கைப்பிடிச் சுவரின் ஓரத்தை விட்டு, நடுவில் வைக்க வேண்டும். அப்படியும் எண் சற்றுக் குறைவாகவே இருக்கும். அக்குறைவு காற்றின் வேகத்துக்கேற்ப நாளுக்கு நாள் மாறும்; ஆயினும் கருவி இடம் மாறாதிருந்தால், தம் ஏட்டை முந்திய ஆண்டின் ஏட்டோடு ஒப்பிடுவதற்கு அது பெருந்தடையாகாது.

அளக்கும் நேரம் காலை எட்டரை மணியாகவே இருக்கட்டும். அப்போதுதான் வானிலை நிலையத்தின் கணக்கோடு நம் கணக்கைச் சேர்த்துப் பார்க்க முடியும். வெளியூர் செல்லும் நாட்களில் அண்டை வீட்டாரையோ பிள்ளைகளையோ பார்க்கச் சொல்லலாம். பார்ப்பவர் மாறினால் அதையும் ஓரத்தில் குறிக்க வேண்டும். கருவியை இடம் மாற்றினால், மாற்றிய தேதியை மறவாமல் எழுத வேண்டும். இல்லையேல் மழை மாறியதா, கருவி மாறியதா என்று பின்னால் பார்ப்பவர் திகைப்பார்.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் இருப்பவர்கள் தென்மேற்குப் பருவம் வருமுன், மே மாதத்திலேயே பாத்திரத்தை வைத்துவிடுவது நல்லது. ஊரில் தாய் தந்தையர் இருப்பவர்கள், ஐப்பசிக்கு முன்னால் அங்கேயும் ஒன்றை வைத்துக் கொடுத்து வரலாம். வடகிழக்குப் பருவத்தில் இரண்டு ஏடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஊர், தெரு, பாத்திரத்தின் வாயகலம், தரையிலிருந்து அதன் உயரம், அளக்கும் மணி ஆகியவற்றை எழுதி, இரண்டாம் பக்கத்தில் தேதிக்கு ஒரு வரியாகக் கோடு கிழித்துக்கொண்டால் போதும்.